கருப்பைவாய்ப் புற்றுநோய்: முன்னறியும் சோதனையும் ஊரார் கடமையும்

ஓர் ஊரின் முன்னேற்றத்தைச் சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைக் கொண்டு அளந்து நாம் பழகிவிட்டோம். அவை கண்ணுக்குத் தெரிவன; கணக்கெழுத எளியன. ஆயினும் பேரக் குழந்தையை மடியில் இருத்தி மகிழ வேண்டிய பருவத்தில், தடுத்திருக்கக்கூடிய ஒரு நோயினால் தாய்மார் மடிவார்களேயானால், அவ்வூரின் முன்னேற்றம் குறைபாடுடையது என்றே கொள்ள வேண்டும்.

அத்தகைய நோய்களுள் ஒன்று கருப்பைவாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களிடம் இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 80,000 பெண்கள் இதனால் உயிரிழந்தனர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் நாட்டுப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குரியது. இந்நோய் வருமுன் அறிந்து தடுக்கச் சோதனை உண்டு, சோதனை எளியது, அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமும் இல்லை. அவ்வாறிருந்தும் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் ஒரு முறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்றுக் குறைவு. இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

இக்கட்டுரையாசிரியன் மருத்துவன் அல்லன். எனினும் மகளிர் குழுக்களோடும் சுகாதாரப் பணியாளர்களோடும் நாள்தோறும் பழகுபவன் என்ற முறையில், ஊர்ப்பணியில் ஈடுபட்டோர் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே பாடமாகத் தொகுத்துரைக்கிறேன்.

நோய் தோன்றும் இடம்

கருப்பை, தலைகீழாகத் தொங்கும் சுரைக்குடுக்கை போன்ற உருவமுடையது. அதன் குறுகிய கழுத்துப் பகுதி பிறப்புறுப்பின் உட்புறத்தில் வந்து முடிகிறது. அம்முனையே கருப்பைவாய் எனப்படும். மாத உதிரம் வெளிப்படுவதும், பிரசவ காலத்தில் விரிந்து குழந்தைக்கு வழிவிடுவதும் இதுவே. இவ்விடத்தில் இருவகைத் தோல்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அவை கூடும் வட்டத்தில்தான் பெரும்பாலும் இந்நோய் தொடங்குகிறது. கருவி கொண்டு சற்றே விரித்துப் பார்த்தால் செவிலியரின் கண்ணுக்கு நேரே தெரியும் இடம் இது. உடலின் உள்ளே மறைந்து வளரும் பல புற்றுநோய்களைக் காட்டிலும் இதனை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நோய்க்குக் காரணம்

இந்நோய் பாவத்தின் பலனன்று, தெய்வக் குற்றமன்று, பரம்பரைச் சாபமும் அன்று. கிட்டத்தட்ட எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் எச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வைரஸ் கிருமியே. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாசன் 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் புற்றுநோய்த் திசுக்களில் இக்கிருமியின் இரு வகைகளைக் கண்டறிந்தார். 16ஆம் வகை, 18ஆம் வகை என்று எண்ணிட்டு அழைக்கப்படும் அவ்விரண்டுமே உலகில் இந்நோய் காண்பவர்களுள் நூற்றுக்குச் சுமார் 70 பேரின் நோய்க்குக் காரணமாகின்றன. இக்கண்டுபிடிப்பிற்காக அவருக்கு 2008ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கிருமியில் 200க்கு மேற்பட்ட வகைகள் உள. பல வகைகள் தீங்கற்றவை. சில வெறும் மருக்களை உண்டாக்குபவை. ஏறத்தாழ 14 வகைகள் மட்டுமே புற்றுநோய்க்கு வழிகோலக்கூடியவை. தாம்பத்திய உறவின் வழியே இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. இல்லறத்தில் ஈடுபட்ட ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தொற்றினை அடைகின்றனர். அவர்களுள் மிகப் பலருக்கு, ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியே கிருமியை அகற்றிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சிலரிடம் மட்டும் கிருமி நீங்காமல் தங்கிவிடுகிறது. எச்.ஐ.வி. தொற்றுடையோர், புகைப்பழக்கம் உடையோர், பல முறை பிரசவித்தோர், இளவயதிலேயே மணமுடித்தோர் ஆகியோருக்கு ஆபத்து சற்று மிகுதி. இளவயதுத் திருமணத்தைத் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை ஊர்ப் பெரியோர் மனங்கொள்ள வேண்டும்.

இயற்கை தரும் அவகாசம்

வயலில் களைவிதை விழுந்த அன்றே பயிர் மடிந்துவிடுவதில்லை. முளைவிட்டுத் தழைத்துப் பூத்துப் பரவ நாள் ஆகிறது. பூக்குமுன் களை எடுப்பவன் விளைச்சலைக் காக்கிறான். இந்நோயும் அத்தகையதே. தங்கிவிட்ட கிருமி முதலில் கருப்பைவாயின் உயிரணுக்களில் சிறு மாறுதல்களை விளைவிக்கிறது. இது புற்றுநோயன்று, புற்றுநோயின் முன்நிலை மட்டுமே. இம்மாறுதல் முற்றிப் புற்றுநோயாக மாறுவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளில் இது நேரலாம்.

இந்த நீண்ட அவகாசமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆனால் முன்நிலையில் வலியில்லை, உதிரப்போக்கில்லை, உடல் மெலிவுமில்லை. எனவே, "உடம்புக்கு ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பவர்களுக்கு இவ்வவகாசம் பயன்படுவதில்லை. நோய்க்குறி தோன்றும்போது பலருக்கு நோய் முற்றியிருக்கிறது. இக்காரணத்தாலேயே நலமாக இருக்கும் பெண்களுக்கு இச்சோதனை வேண்டும் என்கிறோம்.

சோதனைகள் மூன்று

முதலாவது, பாப் சோதனை. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ் வகுத்தது. 1940களில் பரவத் தொடங்கியது. கருப்பைவாயிலிருந்து உயிரணுக்களைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியின் கீழ் ஆராய்வது இதன் முறை. பல நாடுகளில் இந்நோயைப் பெரிதும் குறைத்த பெருமை இதற்குண்டு. ஆனால் தகட்டைப் படித்தறியத் தேர்ந்த நிபுணர்கள் வேண்டும். குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யவும் வேண்டும்.

இரண்டாவது, வி.ஐ.ஏ. என்னும் பார்வைச் சோதனை. காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவிகித அளவில் நீர்த்துக் கருப்பைவாயில் தடவுவர். ஒரு நிமிடம் சென்றபின் பார்த்தால் மாறுதலுற்ற இடம் வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். முடிவும் உடனே தெரிந்துவிடும். கிராமங்களுக்கு ஏற்ற முறையாக மத்திய சுகாதார அமைச்சகம் 2016ஆம் ஆண்டு வழிமுறைகளில் இதனையே ஏற்று, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்துகொள்ள வேண்டும் என்று வகுத்தது. மாதவிடாய் முற்றும் நின்றுபோன பெண்களிடம் மாறுதல் உட்புறமாக ஒதுங்கிவிடுவதால் இம்முறை அத்துணைத் தெளிவாகக் காட்டாது என்பதும் அறியத்தக்கது.

மூன்றாவது, எச்.பி.வி. சோதனை. இது கிருமியையே தேடுவது. சிறு தூரிகை கொண்டு எடுத்த மாதிரியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, ஆபத்தான வகைக் கிருமியின் மரபுப்பொருள் உள்ளதா என்று இயந்திரத்தின் துணையால் அறிவர். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் இதனையே முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது. 30 வயது முதல் 5 அல்லது 10 ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதுமானது, எச்.ஐ.வி. தொற்றுடைய பெண்களுக்கு 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டும். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. செவிலியர் காட்டிய முறைப்படி, தனியறையில் அல்லது தம் வீட்டிலேயே, பெண்கள் தாமே மாதிரியை எடுத்துத் தரலாம். பிறர் முன் உடல் காட்டக் கூசும் தாய்மார்க்கு இஃது ஒரு பெரும் விடுதலை.

இவற்றுள் எது அருகில் கிடைக்கிறது என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறிக. சிறந்த சோதனை வரட்டும் என்று காத்திருப்பதைவிட, கிடைக்கும் சோதனையை இன்று செய்துகொள்வது நலம்.

திண்டுக்கல்லும் உஸ்மானாபாத்தும் கற்பித்தவை

இச்சோதனைகள் கிராமங்களில் பயன்படுமா என்ற ஐயத்தைத் தீர்த்துவைத்தவை இந்தியக் கிராமங்களே என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அம்பிளிக்கை மருத்துவ நிலையமும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து இதனை நடத்தின. 114 பகுதிகளுள் 57இல் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை பார்வைச் சோதனை செய்ய ஏற்பாடு ஆயிற்று. செவிலியர்களே சோதித்தனர். முன்நிலை கண்டவர்களுள் தக்கவர்களுக்கு அன்றே குளிரூட்டிக் கருக்கும் சிகிச்சையையும் அவர்களே அளித்தனர். அழைக்கப்பட்ட 49,311 பெண்களுள் 31,343 பேர் சோதனைக்கு வந்தனர். 2007ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த பகுதிகளில் மற்றப் பகுதிகளைவிட நோய் நூற்றுக்கு 25 பங்கும், மரணம் நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன.

மகாராஷ்டிரத்தில், 2023 முதல் தாராசிவ் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள உஸ்மானாபாத் மாவட்டத்தில், 1999இல் மற்றோர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 52 கிராமத் தொகுதிகளைச் சேர்ந்த சுமார் 1,31,000 பெண்கள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டனர். எட்டாண்டுகள் கவனித்தபின் 2009இல் முடிவு வெளியாயிற்று. ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை நடந்த பிரிவில் மரணங்கள், சோதனை நடைபெறாத பிரிவில் நேர்ந்தவற்றின் பாதியளவே இருந்தன.

திண்டுக்கல் கணக்கில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. முன்நிலை கண்டறியப்பட்டவர்களுள் சிகிச்சை பெற்றோர் நூற்றுக்கு 72 பேர். அத்துணை முயற்சியுடன் நடந்த ஆராய்ச்சியிலேயே எஞ்சியோரைச் சிகிச்சை சென்றடையவில்லை. சோதனை மட்டும் எவரையும் காப்பதில்லை. சோதனைக்குப் பின் வரும் சிகிச்சையே காக்கிறது. நம் முகாம்களின் வெற்றியை வந்தவர் தொகையால் மட்டும் அளப்பது எத்துணைத் தவறு என்பதை இவ்வெண் உணர்த்துகிறது.

முடிவின் பொருள் யாது?

"கிருமி இல்லை" என்று வந்தால், பல ஆண்டுகளுக்கு அச்சமின்றி இருக்கலாம். அடுத்த சோதனையின் காலத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

"கிருமி உண்டு" என்று வந்தால், அதற்குப் புற்றுநோய் என்று பொருளன்று. கிருமியுள்ள பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. யாரைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதையே இம்முடிவு காட்டுகிறது. அடுத்தபடியாக மருத்துவர் பார்வைச் சோதனை செய்வார். அல்லது கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கும் கருவியால் ஆராய்வார். ஐயமிருந்தால் சிறு சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பார்.

முன்நிலை இருப்பின், குளிரூட்டியோ வெப்பமூட்டியோ அவ்விடத்தை அழிப்பர். அல்லது மின்கம்பி வளையத்தால் அப்பகுதியை மட்டும் நீக்குவர். சில நிமிட வேலையே. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். சில வாரங்கள் நீர் போன்ற கசிவு இருக்கும். சுமார் ஒரு மாதம் தாம்பத்திய உறவைத் தவிர்க்க வேண்டும். இதனைக் கணவருக்கும் எடுத்துச் சொல்லுதல் செவிலியர் கடமை.

புற்றுநோயே காணப்பட்டாலும் நம்பிக்கை இழத்தல் ஆகாது. தொடக்க நிலையில் அறுவை சிகிச்சையாலும் கதிர்வீச்சாலும் குணப்படுத்தப்படுவோர் பலர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். காப்பீட்டு அட்டை இல்லாத தகுதியுடைய குடும்பங்களுக்கு அதனைப் பெற்றுத் தருவது நம்மைப் போன்றோர் செய்யக்கூடிய நேரடி உதவியாகும்.

தாய்மார்கள் எழுப்பும் வினாக்கள்

"எனக்கு ஒரு குறையும் இல்லையே, சிஸ்டர்?" குறை தோன்றுமுன் அறிவதற்கே இச்சோதனை. மாறாக, உறவுக்குப் பின் உதிரம், மாதவிடாய் நின்றபின் மீண்டும் உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளை, அடிவயிற்றில் நீங்கா வலி ஆகியவை உள்ளவர்கள் முகாமுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேனே?" அவ்வறுவையில் கருக்குழாய் மட்டுமே கட்டப்படுகிறது. கருப்பைவாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே சோதனை அவசியம்.

"கருப்பையையே எடுத்துவிட்டார்களே?" வேறு காரணத்திற்காகக் கருப்பைவாயும் சேர்த்து எடுக்கப்பட்டு, முன்னர் மாறுதல் எதுவும் காணப்படவில்லையென்றால் பொதுவாகச் சோதனை தேவையில்லை. மருத்துவமனைச் சீட்டைக் காட்டிக் கேட்டுத் தெளிக.

"வலிக்குமா?" சிறிது அசௌகரியம் உண்டு, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து வருதல் வேண்டும். கர்ப்பிணிகள் பிரசவத்திற்குப் பின் செவிலியர் குறிக்கும் காலத்தில் வரலாம்.

"கிருமி உண்டு என்றால் வீட்டுக்காரர் தவறு செய்தாரா? நான் தவறு செய்தேன் என்று அவர் சொல்வாரா?" வினாக்களில் தலையாயது இதுவே. இக்கிருமி பல ஆண்டுகள் அடங்கியிருந்து பின்னர் வெளிப்படக்கூடும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் கூற இயலாது. ஆகையால் ஒருவரது ஒழுக்கத்திற்கு எதிராக இம்முடிவைச் சாட்சியாக்குதல் அறியாமை, அநீதியுமாகும்.

தடுப்பூசி

இக்கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2006 முதல் உலகில் வழங்கப்பட்டு வருகிறது. இந்திய நிறுவனம் ஒன்று தயாரித்த ஊசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. கிருமி தொற்றுமுன், 9 முதல் 14 வயதுக்குள், ஓரிரு தவணைகளில் போட்டுக்கொள்வதே மிகுந்த பயன் தரும். தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 14 வயதுச் சிறுமியர்க்கு இதனை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. முன்பே உள்ள தொற்றினை ஊசி நீக்காது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் உரிய வயதில் சோதனைக்கு வர வேண்டும். மகளுக்கு ஊசி, தாய்க்குச் சோதனை என்று இரண்டையும் சேர்த்தே ஊரில் எடுத்துரைக்க வேண்டும்.

ஊரில் செய்யத்தக்கவை

1. நாள் குறித்தல். நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களிலும் சந்தை நாளிலும் முகாம் வைத்தால் கூலி இழந்து எவரும் வாரார். மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கலந்து நாள் குறிக்க.

2. மறைவிடம். தாழிடக்கூடிய கதவு, முழுத் திரை, கழிப்பறை, தண்ணீர் ஆகியவை இல்லாத கட்டடம் இச்சோதனைக்கு உதவாது. இவற்றைச் சீர்செய்து தருவது ஊராட்சியால் ஆகக்கூடிய காரியமே.

3. முன்செல்வோர். குழுத் தலைவி முதலில் சோதனை செய்துகொண்டு, "நானும் போய்வந்தேன், ஒன்றுமில்லை, நீயும் வா அக்கா" என்று அழைப்பது பத்துச் சுவரொட்டிகளினும் வலிது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் செல்பவர்கள்; அவர்கள் வழியாகவும் இச்செய்தி பரவலாம்.

4. ஆடவரின் பொறுப்பு. கணவரின் சம்மதமின்றி வர இயலாத பெண்கள் இன்றும் உளர். எனவே கிராம சபையிலும் உழவர் கூட்டங்களிலும் ஆண்களுக்கும் இதனை விளக்குக.

5. இரகசியம் காத்தல். எம் வட்டாரத்து ஊர் ஒன்றில், மேற்சோதனைக்கு வரவேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை யாரோ பொதுச் சுவரில் ஒட்டிவிட்டனர். நினைவூட்டல் என்பதே ஒட்டியவரின் எண்ணமாக இருந்திருக்கலாம். விளைந்ததோ வேறு. ஒரு பெண் பிறந்தகம் சென்றுவிட்டார். மற்றவர்கள் மேற்சோதனைக்கு வர மறுத்தனர். அடுத்த முகாமுக்கு அவ்வூரார் எவரும் வரவில்லை. செவிலியர் ஒவ்வொரு வீடாகத் தனித்தனியே சென்று, மாதக்கணக்கில் பேசிய பின்னரே நம்பிக்கை மீண்டது. முடிவை உரியவரிடம் மட்டுமே, தனிமையில், வாய்மொழியாக விளக்கிச் சொல்லுதல் வேண்டும். இது மரியாதை மட்டுமன்று. சிகிச்சையின் ஒரு பகுதியுமாகும்.

6. கைவிடாமை. மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டவர் சென்றாரா, சிகிச்சை பெற்றாரா, ஓராண்டுக்குப் பின் மறுசோதனைக்கு வந்தாரா என்பதைச் செவிலியர் தம் குறிப்பேட்டில் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பேருந்துக் கட்டணமும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமையே பலரை நிறுத்திவிடுகிறது. குழு நிதியிலிருந்து சிறு உதவியும், உடன்செல்ல ஒரு தோழியும் கிடைத்தால் இத்தடை நீங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் மூன்று இலக்குகளை வகுத்தது. 2030க்குள் நூற்றுக்கு 90 சிறுமியர் 15 வயதுக்குள் தடுப்பூசி பெறுதல். நூற்றுக்கு 70 பெண்கள் 35 வயதிலும் 45 வயதிலும் சிறந்த சோதனை பெறுதல். நோயோ முன்நிலையோ கண்டவர்களுள் நூற்றுக்கு 90 பேர் சிகிச்சை பெறுதல். உலக அளவில் கூறும்போது இவை பெரிய எண்களாகத் தோன்றலாம். ஓர் ஊரின் அளவில் நோக்கினால், பெயர் சொல்லி அழைக்கத்தக்க சில நூறு தாய்மார்களே அவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் சோதனைக்கு வருவதையும், வந்தவர் சிகிச்சையை முடிப்பதையும் உறுதி செய்வது எந்த ஊராலும் இயலக்கூடியதே.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நோய்க்குறி இல்லாத பெண்களுக்கு இச்சோதனை ஏன் வேண்டும்?

2. "கிருமி உண்டு" என்ற முடிவுக்கும் "புற்றுநோய்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் குழுவில் எவ்வாறு விளக்குவீர்கள்?

3. உங்கள் ஊரில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை பேர்? சோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர்?

4. மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டும் செல்லாதவருக்கு உள்ள தடை யாது? அதனை நீக்க யார் என்ன செய்யலாம்?

5. சோதனைக்கேற்ற மறைவான இடம் உங்கள் ஊரில் உண்டா? இல்லையேல் அடுத்த கிராம சபைக்குள் அதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?